நாரைத் தொடாதவர்கள்

வாழைத்தண்டு நாரை எந்தக் குடல் பாக்டீரியா சிதைக்கிறது என்பது ரெஜினாவின் முனைவர் பட்ட ஆய்வு. நான்கு மாணவர்களின் மலத்தை நாரோடு குடுவையில் கலந்திருந்தாள். கைடு ஞானபரணன் தன்னுடையதையும் கலக்கச் சொன்னார். கைடு சொன்னால் மறுக்க முடியுமா? மறுநாள் பார்த்தால் நார் அப்படியே கிடந்தது. நுண்ணோக்கியின் கீழே கைடின் பாக்டீரியாக்கள் மற்றவற்றை நச்சு ஈட்டியால் குத்திக் கிழித்து, பிணங்களைத் தின்றுகொண்டிருந்தன.

“சார், உங்களோடத விட்டுட்டு மறுபடி செய்யுறேன். இல்லன்னா என் தீசிஸ் அவ்ளோதான்.”

“ஜெயிச்சவன வெளிய அனுப்புவியாம்மா? அப்போ நீயும் கெளம்பு.”

ரெஜினா குடுவையைக் கிருமிகளை அவிக்கும் ஆட்டோகிளேவில் வைத்து, மூடியை இறுக்கி, நூற்று இருபத்தோரு டிகிரிக்குத் திருப்பினாள். நீராவி அலறியது.

“என்னம்மா சத்தம்?”

“உங்க ஆளுங்கதான் சார்.”