உளுந்தங்களி

உளுந்தங்களியில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றிய வாசம் எழுந்ததும், செல்லக்கனிக்கு மகள் ஜெனிலா வயசுக்கு வந்த நாள் ஞாபகம் வந்தது. ஏழு வருஷம் ஆகிவிட்டது. இதே கட்டில்தான், இதே வெந்நீர்ப் பைதான். அன்று பயந்துபோய் அழுத பிள்ளைக்கு ஒவ்வொரு வாயாக ஊட்ட வேண்டியிருந்தது.

"ரொம்ப வலிக்காம்மா?"

"இழுத்துப் பிடிக்கு."

"ரெண்டாவது மாத்திரை வேலை செய்யுது. கட்டி கட்டியா வரும், பயப்படக் கூடாது. ஏழு வாரக் கருதானே, சாயங்காலத்துக்குள்ள வலி கொறஞ்சிரும்னு ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் சொன்னாங்க. ரெண்டு மணி நேரம் விடாம, மணிக்கு ரெண்டு பேடு நனைஞ்சா ஒடனே வரச் சொல்லியிருக்காங்க."

"அப்பா என்ன செய்யுதாக?"

"உள்ள வந்து மொகத்தப் பாக்க முடியாம வாசல்லயே உக்காந்திருக்காக. நீ களியச் சாப்பிடு."

செல்லக்கனி போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"காலேஜு படிக்கிற பிள்ளைய வச்சுக்கிட்டு, நாப்பத்திரண்டு வயசுல எனக்கு இப்படி. ஒன் மொகத்தப் பாக்கவே வெக்கமா இருக்குட்டி."

ஜெனிலா போர்வையை விலக்கினாள். களியை உருட்டி எண்ணெயில் தொட்டாள்.

"அன்னைக்கு இதே கட்டில்ல நீ என்ன சொன்ன? 'ஒடம்புன்னா இதெல்லாம் உண்டு, வெக்கப்படாமத் தின்னுட்டி'ன்னு சொன்னேல்ல. வாயத் தொறம்மா."