இரண்டாவது கோணி

பிச்சாவரத்துக் கால்வாய்களிலிருந்து ஏறிவந்த மார்கழிப் பனி அமலியின் கொல்லையை மூடிக்கிடக்கிறது. வாசலில் கட்டிய கிறிஸ்துமஸ் ஸ்டார் இன்னும் எரிகிறது. அதன் சிவப்பு பனிக்குள் கரைந்து தெரிகிறது. கோழியும் குஞ்சுகளும் அடைந்திருக்கும் பஞ்சாரத்தின்மேல், கீரிக்குப் பயந்து வைத்த கருங்கல்லை இறக்குகிறாள். நனைந்து கனத்துப்போன கோணியை இழுக்கிறாள். அடியில் இருந்த கோணியையும் இழுக்கிறாள். கை அப்படியே நின்றுவிடுகிறது. மூங்கில் இடுக்கில் ஒரு நல்லபாம்பு, பாதி வெளியே, பாதி உள்ளே. வந்த வழியே திரும்ப விடாமல் அதன் வயிற்றுப் புடைப்பு இடுக்கில் சிக்கியிருக்கிறது. படமெடுக்கவும் முடியாமல் தலையை ஈரமண்ணில் இழுக்கிறது. எதிர்ப்பக்கம் ஒண்டிக்கொண்டு, இறகெல்லாம் சிலிர்த்து, தாய்க்கோழி சத்தமில்லாமல் நிற்கிறது. அதன் காலடியில் ஒரு குஞ்சுகூட இல்லை. “கைய எடு! பின்னால வாடி!” பல் விளக்கிக்கொண்டிருந்த கணவன் லூக்காஸ் நுரை தெறிக்கக் கத்துகிறான். அவள் நகரவில்லை. கையிலிருக்கும் கோணியிலிருந்து தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டுகிறது. “ராத்திரி கத்துச்சுங்க,” என்கிறாள், அவனைப் பார்க்காமலே. “குளுருலதான் கத்துதுன்னு நெனச்சேன். நாந்தாங்க எழுந்து வந்து, இன்னொரு கோணிய போட்டு மூடிட்டுப் போனேன்.”