இரவல் வாள்

ஆண்டுக்கு ஐம்பது மூட்டை அரிசி. இடுப்பில் இரண்டு வாள். ஒரு குலப்பெயர். கோட்டை அவனுக்கு வைத்திருந்த பாக்கி இவ்வளவுதான்.

இன்று பட்டு உடுத்தி, வாள்களை மட்டும் கட்டிவிட்டார்கள். அதுவும் இரவல்.

அவனுக்கு ஏழு வயதில் இந்த மதில் கட்டக் கட்டச் சரிந்தது. உயிரோடு ஓர் ஆளை அடியில் வைத்தால் நிற்கும் என்றார்கள். உன் மகனைச் சாமுராய் ஆக்குகிறேன் என்று பிரபு வாக்குக் கொடுத்தார். அம்மா தானே குழிக்குள் இறங்கினாள். மேலே மூலைக்கல்லை வைத்தார்கள்.

மதில் நின்றது.

பிரபு வேறு சீமைக்கு மாறிப் போனார். வாக்கும் அவரோடு போயிற்று.

அவன் அதே கோட்டைக்குக் கல் சுமக்கிறான்.

வசந்தம் வந்தால் அகழி பொங்கும். மூலைக்கல்லுக்கு அடியில் அழுகை கேட்கும். பேய் என்கிறார்கள்.

பேயாம்! கூலி கேட்டவள் பேய். கூலி கொடுக்காதவர் பிரபு.

இந்த முறை தண்ணீர் நெற்களஞ்சியம் வரை ஏறிவிட்டது. அதனால்தான் இந்தப் பட்டும் வாளும்.

"எல்லாம் குடுத்துட்டாங்கன்னு உங்கம்மாகிட்ட சொல்லுடா. அழுகைய நிறுத்துவா, தண்ணியும் வடியும்" என்றார் கோட்டை அதிகாரி. "வாளு பத்திரம். என் மச்சானோடது."

மதிலடி மேட்டில் சோற்றுப் பொட்டலம் பிரித்திருந்த, கல் சுமக்கும் ஆட்களில் ஒருவன் கத்தினான்.

"ஏ துரை, நாளைக்குக் கல்லு தூக்க வருவியா, பல்லக்குல போயிருவியா?"

அவனுக்கே சிரிப்பு வந்தது. தோள் காய்ப்பில் பட்டு உரசியது.

தனியாகத் தண்ணீருக்குப் போய் மண்டியிட்டான். அழுகை கேட்டது.

பொய் சொன்னால் நம்பிவிடுவாள். நம்பினால் இன்னும் நூறு வருஷம் இந்த மதிலைத் தாங்குவாள்.

வாள்களை அவிழ்த்துப் புல்லில் வைத்தான்.

"அம்மா, ஒண்ணும் குடுக்கல. குடுக்கவும் மாட்டாங்க. நானும் இனிமே கேக்கப் போறதில்ல. பாக்கி தீந்துச்சு. நீ மட்டும் ஏன் இன்னும் சொமக்குற? எறக்கி வச்சிட்டு வந்துரு."

அழுகை நின்றது.

தண்ணீர் மளமளவென்று வடிந்தது.

தூரத்தில் நின்ற அதிகாரிக்கு வாயெல்லாம் பல். ஓடி வந்து முதலில் வாள்களை எடுத்துத் துடைத்தார். பட்டைக் கழற்றச் சொன்னார்.

மதிலிலிருந்து ஒரு பொடிக்கல் உருண்டு வந்து அகழிச் சேற்றில் விழுந்தது. அதிகாரி கவனிக்கவில்லை.

அவன் வெற்றுத் தோளோடு கூட்டாளிகளிடம் போனான்.

"எந்திரிங்கப்பா. சோத்த எடுத்துக்கங்க. அந்தப் பக்கம் போயி உக்காந்து சாப்புடலாம்."