சல்லடையில் ஒட்டிய காகிதம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு சமையலறையைக் காட்டுகிறேன். பாத்திரம் கழுவும் மெஷினின் கதவு திறந்து கிடக்கிறது. அடியில் வடியாமல் நிற்கும் அழுக்குத் தண்ணீரில் ஜன்னல் வெயில் நெளிகிறது. மருமகள் மண்டியிட்டு, உள்ளே கைவிட்டுச் சல்லடையைத் திருகி எடுக்கிறாள். "சோத்தோட தட்டை வெச்சா அடைக்காம என்னடா செய்யும்?" என்று காலையிலிருந்து மகனிடம் அவளைக் கரித்துக்கொட்டிய மாமியார் பின்னால் நிற்கிறாள். சல்லடையில் ஒரு பருக்கைகூட இல்லை. ஜாம் பாட்டில்களின் லேபிள்தான் சிவப்புப் பழப் படத்தோடு கூழாகி அப்பியிருக்கிறது. காலி பாட்டில்களை லேபிளோடு மெஷினில் போட்டுக் கழுவிச் சேர்ப்பது அந்த வீட்டில் மாமியார் ஒருத்திதான். அவளுக்குக் காது மடல் சுடுகிறது. மருமகள் நிமிர்ந்து பார்க்காமல், பழைய டூத் பிரஷ்ஷால் சல்லடையைத் தேய்க்கிறாள். "என்னம்மா, சோறுதானே?" என்று அடுத்த அறையிலிருந்து மகன் கேட்கிறான். "ஏதோ குப்பைங்க, எடுத்துட்டேன்" என்கிறாள் மருமகள். அந்தப் பதிலுக்குள் மாமியார் தாராளமாக ஒளிந்துகொள்ளலாம். அதுதான் அவளை இன்னும் கூச வைக்கிறது. முந்தானையைக் கசக்கியபடி, "சோறு இல்லடா. என் பாட்டில் காகிதம். இவளை வீணாத் திட்டிட்டேன்" என்கிறாள். பிரஷ் சத்தம் நிற்கிறது. உங்கள் வீட்டில் காட்டிக்கொடுக்காத மனசும் ஒத்துக்கொள்ளும் வாயும் என்றும் குறையாமல் இருக்கட்டும், என் செல்லங்களே.