பத்தொன்பதாவது ஓடு

மூன்று சாப்பாட்டுக் கோப்பைகளை நிலத்தில் அடித்தும் ஒன்றுகூட உடையவில்லை.

கனடாவில் விற்கிற கோப்பைகள் அப்படி. ஒன்று துள்ளி எழும்பி, என் கூட்டாளி சீமோனின் முழங்காலில் பட்டு, மறுபடி மேசைக்கே போய் இருந்துகொண்டது. நான் பொய் சொல்வதில்லை.

கடைசியில் சங்கத்துப் பேர்ணடெற் தன் மீன்சட்டியைக் கொடுத்தாள். ஒரே போடு. பத்தொன்பது பேருக்குப் பத்தொன்பது ஓடு, கழுவியும் போகாத புளிவாசத்தோடு.

டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தின் கீழே உள்ள பார்ட்டி ரூமில், செவ்வாய்க்கிழமைகளில் கூடுகிற முதியோர் சங்கம் எங்களுடையது. அன்று அதிலிருந்து ஒருவரை வெளியேற்றப் போகிறோம்.

யோசனை அருள்நாயகம் மாஸ்டருடையது. ஊரில் முப்பது வருடம் உயர்தர வகுப்புக்குக் கிரேக்க நாகரிகம் படிப்பித்தவர். ஏதென்ஸில் ஊர் இரண்டுபட்டால், சனங்கள் சந்தைவெளியில் கூடி, உடைந்த ஓட்டில் ஆளுக்கொரு பெயர் எழுதுவார்களாம். குற்றச்சாட்டு இல்லை, விளக்கம் இல்லை. கூடுதலான ஓடு விழுந்தவர் பத்து நாளுக்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். பத்து வருடத்துக்குத் தலைகாட்டக்கூடாது.

எங்கள் சங்கம் இரண்டுபட்டது என்னால்தான்.

பார்ட்டி ரூமை நாய்கள் குளிக்கிற இடமாக மாற்றப்போகிறார்கள் என்று, பொழுது போகாத ஒரு செவ்வாயில் சொல்லி வைத்தேன். பாதிப்பேர் நம்பினார்கள். சீமோன் அதை மனுவாக்கி, கையெழுத்து வாங்கி, கவுன்சிலரிடமே கொண்டுபோய்க் கொடுத்தான். கவுன்சிலர் ஆள் அனுப்பி அறையை அளந்து பார்த்தார். நாய் வரவில்லை. சண்டை வந்தது.

ஆகவே பெயர் இரண்டுதான். சொன்னவன் நான். சுமந்தவன் சீமோன்.

செவ்வாய் போனால் எனக்கு வேறு கிழமை இல்லை. மற்ற ஆறு நாளும் பன்னிரண்டாம் மாடி யன்னலில் நின்று நெடுஞ்சாலையைப் பார்க்கிறவன் நான். நம்பாவிட்டாலும் இருந்து கேட்க, மனைவியை விட்டால், இந்த நாட்டில் எனக்கென்று இருப்பது அந்தப் பதினேழு சோடிக் காதுகள்தான்.

அன்று நானும் மனைவியும் பிந்தித்தான் வந்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே. என் கையில் கட்டிவிட்ட பெயர்ப்பட்டியைக் கழற்றக்கூட நேரமில்லை. ஏன் சுணக்கம் என்று கேட்டவர்களுக்கு, என் நெஞ்சின் படம் திறமாக வந்திருக்கிறதாம், சுவரில் மாட்டலாமா என்று டொக்டர் அனுமதி கேட்டார் என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஓடுகள் எந்தப் பக்கம் விழும் என்று அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

எழுதத் தொடங்குமுன் என் மனைவி பேபி கையைத் தூக்கினாள். சங்கத்தில் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

“பத்து வருசம் முடிய, அவர் கட்டாயம் திரும்பி வரவேணுமோ, மாஸ்டர்?”

ஏதென்ஸில் வரலாம், வராமலும் விடலாம். எங்கள் சங்கத்தில் வந்தே ஆகவேண்டும் என்றார் மாஸ்டர். அவருடைய கதிரை அப்படியே கிடக்கும், வரவுப் புத்தகத்தில் பெயரும் இருக்கும். வரவேற்க நாங்கள் கிடப்பமோ என்று பின்னால் யாரோ கேட்க, எழுபத்தெட்டும் எண்பதுமாக எல்லோரும் சிரித்தார்கள்.

பேபி சிரிக்கவில்லை.

நான் சீமோன் என்று எழுதினேன். பதினொரு வருடமாகச் சீட்டு மேசையில் என் கன்னையில், எனக்குச் சோடியாக விளையாடுகிறவன். எழுதும்போது அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. அவனும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். எனக்கு ஒன்பது. சீமோனுக்கு ஒன்பது. ஒன்று மிச்சம்.

அதை அவர் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். பிறகு எட்டப் பிடித்தார். இதில் பெயர் இல்லை என்றார். “இஞ்சாருங்கோ” என்று எழுதிக் கிடக்கிறது என்றார்.

எங்கள் பெண்கள் புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிடுவது அந்த ஒரு சொல்லால்தான். எழுதச் சொன்னால் கையும் அதைத்தான் எழுதும் போல.

சங்கத்துக்குப் புருசனோடு வருகிறவர்கள் இரண்டே பேர். சீமோனின் எமில்டா. என் பேபி.

எல்லாத் தலைகளும் பெண்கள் மேசைக்குத் திரும்பின. எமில்டா மடுமாதாமேல் சத்தியம் பண்ணினாள். பேபி கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஓட்டை வாங்கிப் பார்த்தேன். நாற்பத்தேழு வருடமாக எங்கள் வீட்டுத் துண்டுக் கடுதாசிகள் எல்லாம் அந்தச் சொல்லில்தான் தொடங்கும். இஞ்சாருங்கோ, பால் முடிஞ்சுது. இஞ்சாருங்கோ, குளிசையைப் போடுங்கோ. அந்த எழுத்தின் வால் எந்தப் பக்கம் வளையும் என்று எனக்குத் தெரியும்.

அது நான்தான் என்று கையைத் தூக்கினேன். நான் சொன்னதை முழுச் சங்கமும் நம்பியது அன்றைக்குத்தான்.

ஆனால் ஒருவருக்கும் சந்தோசமில்லை. சீமோன் தன் கதிரையை என் பக்கமாக இழுத்துப் போட்டான். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பத்து வருடமெல்லாம் கிரேக்கருக்குத்தான், எங்கள் ஆட்களுக்கு ஒரு வருடம் காணும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

பேபி எழும்பினாள்.

“இல்லை மாஸ்டர். பத்துத்தான். ஒரு நாளும் குறைக்கக்கூடாது.”

இவளும் ஒரு பொம்பிளையோ என்று பேர்ணடெற் முணுமுணுத்தது எனக்கே கேட்டது.

நான் பெயர்ப்பட்டியைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டேன்.

காலையில் டொக்டரிடம் எனக்காக அவள் கேட்டது ஒரு வருடம்தான். அந்த மனுசன் அதற்கே தலையாட்டவில்லை.