முப்பத்தொன்று

ஷிரீன் சொல்லச் சொல்ல யோகேஷ் எழுதிக்கொண்டிருந்தான்.

அவள் வலது கையில் மாவுக்கட்டு. செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் ஸ்கூட்டியோடு ஆட்டோ மேல் மோதி விழுந்து பத்து நாள் ஆகிறது. திங்கட்கிழமை ‘ஆங்கில வாசிப்பும் சொல்வளமும்’ தேர்வு. பி.காமில் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே அரியர். தேறிவிட்டால் கோயம்புத்தூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ் வேலை. தேறாவிட்டால் கீழே அத்தாவின் மளிகை மண்டியில், மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே ஒரு நாற்காலி.

அந்த நாற்காலியை அத்தா முன்னெச்சரிக்கையாகத் துடைத்தே வைத்திருந்தார்.

கை உடைந்த மாணவி சொல்ல இன்னொருவர் எழுதலாம் என்று கல்லூரி அனுமதித்திருந்தது. ஒரே நிபந்தனை, எழுதுகிறவர் அவளைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும்.

அவளுடைய அத்தா ஹபீப் பாய், பருப்புக்குச் சாம்பிள் பார்ப்பதுபோல ஆள் தேடினார். சங்ககிரிப் பக்கம் ஒரு நூற்பாலை கேன்டீனுக்குச் சரக்கு போடப் போன இடத்தில் யோகேஷ் அகப்பட்டான். நைட் ஷிப்ட் பார்க்கிறவன். கல்லூரியை முடிக்காதவன். இதே ஆங்கிலத் தாளில் ஆறு முறை தோற்றவன்.

ஆறு மதிப்பெண் பட்டியலையும் பாய் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பதினெட்டு. இருபத்தொன்று. மூன்றாவதில் முகம் மாறியது.

“என்ன தம்பி, இதுல முப்பத்தொண்ணு வாங்கியிருக்கீங்க?”

“அந்தத் தடவ வெரலு மிசின்ல மாட்டிக் கட்டுப் போட்டிருந்தேனுங்க பாய். சரியா எழுதவே முடியலீங்க. எப்படி வந்துச்சுன்னே தெரியல.”

பாஸாக நாற்பது வேண்டும். ஒன்பது குறைகிறது என்றதும் பாய் சமாதானமானார். கல்லூரி ஆபீசில் கடிதம் கையெழுத்தானது. யோகேஷின் தோல்விகளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ரப்பர் ஸ்டாம்ப் விழுந்தது.

தனக்கு வார்த்தை போதவில்லை, அதனால்தான் தோற்கிறோம் என்று அவன் நம்பியிருந்தான். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் இன்னும் அதிகமாக மனப்பாடம் செய்தான். மெஷின் ஓரத்தில் துண்டுச்சீட்டு ஒட்டிவைத்து, அறுந்த இழையை ஒட்டுகிற நேரத்தில் ஒரு வார்த்தை. இப்போது அவன் மண்டையில் மூவாயிரம் ஆங்கில வார்த்தைகள் இருந்தன. மேஸ்திரியிடம் திட்டு வாங்க அதில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

இன்று காலை ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சோடு நேராக மண்டி மாடிக்கு வந்திருந்தான். கீழேயிருந்து ஏறிய மிளகாய் நெடிக்கு அவன் மட்டும் தும்மிக்கொண்டிருந்தான். வீட்டுக்காரர்களுக்கு மூக்கு பழகிவிட்டது.

மாதிரி வினாத்தாள் ஒன்றைப் பார்த்து ஷிரீன், ‘அப்சலீட்’ என்றால் ‘கம்ப்ளீட்’ என்றாள்.

யோகேஷின் பேனா நின்றது. வழக்கொழிந்தது என்கிற சரியான பொருள் அவன் தொண்டைவரை வந்து முட்டியது.

“அவ தப்பாச் சொன்னா நீங்களும் தப்பாத்தான் எழுதணும் தம்பி. அதான் ரூல்ஸ்” என்றார் பாய்.

“அது பழக்கந்தானுங்க பாய்.”

எழுதினான். வேகமாக, பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல். தறி ஓட்டுகிற குடும்பம். இழை அறுந்தால் பின்மண்டையில் அடி விழும் வீட்டில் வளர்ந்தவன். ஆங்கிலம் என்றால் கோத்துத்தான் எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னதை அவன் விடவே இல்லை. எழுத்தோடு எழுத்து மட்டுமல்ல, வார்த்தையோடு வார்த்தையும் சேர்ந்தே போனது. வரி முடிந்தால்தான் பேனா எழும். தமிழில் எழுதிய மற்ற தாள்களையெல்லாம் அவன் முதல் தடவையிலேயே தேறியிருந்தான்.

மூன்று பக்கம் முடிந்தது. ஷிரீன் இடது கையால் வாங்கிப் பார்த்தாள். தலைகீழாகத் திருப்பினாள். மறுபடி நேராக்கினாள்.

பாய் எட்டிப் பார்த்தார். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்.

“ஒரே சீரா, அழகாத்தானேம்மா இருக்கு.”

“நீங்களே படிங்கண்ணா” என்று ஷிரீன் தாளை நீட்டினாள்.

யோகேஷ் படித்தான். ஓரிடத்தில்கூடத் தடுக்கவில்லை. அவள் சொன்னது அத்தனையும், தப்புகளோடு சேர்த்து, அப்படியே இருந்தது.

“இதுல ‘கம்ப்ளீட்’ எங்க இருக்கு?”

விரல் வைத்துக் காட்டினான். அந்த இடத்தில் ஓர் அலை இருந்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் அதே அலைதான்.

ஷிரீன் சிரித்திருந்தால் பரவாயில்லை. சிரிக்கவில்லை.

“ஆறு தடவையும் இப்படியேதான் எழுதுனீங்களா?”

“அஞ்சு தடவைங்க. அந்த ஒருக்கா மட்டும் வெரலு மடங்காம, ஒவ்வொரு எழுத்தா...”

தன் விரலையே பார்த்தான்.

கீழே மண்டியில் யாரோ ஒரு மூட்டையைப் பொத்தென்று இறக்கினார்கள். மூவாயிரம் வார்த்தைகளும் அவன் மண்டைக்குள் வரிசையாக நின்று அவனையே பார்த்தன.

பாய்க்கு ஏதோ சரியில்லை என்று மட்டும் புரிந்தது. “வேற ஆள் பார்க்கணுமா? ஆபீஸ் இனி திங்கக்கிழமைதாம்மா. அதுக்குள்ள இவ்வளவு சுத்தமா ஃபெயிலான ஆளுக்கு நான் எங்க போறது?”

ஷிரீன் எழுந்து போனாள். அவள் கைக்கு வாங்கியதில் மிஞ்சிய கட்டுத்துணிச் சுருள் ஒன்று அலமாரியில் இருந்தது. அதை எடுத்துவந்து யோகேஷுக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒரு முனையைப் பல்லால் கடித்துப் பிரித்தாள்.

“எந்த வெரலுண்ணா?”

யோகேஷ் ஆள்காட்டி விரலை நீட்டினான்.