குழாய்க்குள் அப்பா மீன்

"மெதுவா நட, கலா! அதிர்ந்தா அது முட்டையத் தின்னுரும்!" தயாபரன் மனைவியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான்.

தொட்டியில் கிடந்த குழாயிலிருந்து சாட்டைவால் மீனின் வால்நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. முட்டைக்குக் காவலிருக்கும் ஆண்மீன் வெளியே வராதாம். பதுளையில் மீனை விற்றவன் சொல்லியிருந்தான்.

மீன் முட்டையிட்ட அன்றிலிருந்து, பொழுதன்னைக்கும் அலறும் டீவியைத் தயாபரனே அணைத்துவிட்டான். சீட்டாட வந்த கூட்டாளிகளையும் லயத்து வீட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பினான்.

"ஒரு வாரத்துல பொரிக்கும்னான். மாசம் ஆகப்போவுது, ஒரு குஞ்சையும் காணோமே!" என்று எரிந்து விழுந்தான்.

"பொறுங்க. இன்னைக்கு முடிஞ்சிரும்."

மத்தியானம் மகள் விதுஷா ஓ.எல். கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு வந்தாள். "நல்லா எழுதியிருக்கேம்மா!"

கலாராணி தொட்டிக்குள் கையை விட்டு, வாலைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ, என் மீனு!"

அவள் கையில் இருந்தது கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சி.

"மீனுங்கள அப்பவே பக்கத்து வீட்டு றோசாலி அக்காகிட்ட குடுத்துட்டேன். அங்க எப்பவோ குஞ்சு பொரிச்சிருச்சு. புள்ள படிக்கணும், டீவிய நிறுத்துங்கன்னு எத்தன தடவ கெஞ்சுனேன்? மீனுக்குன்னதும் நிறுத்துனீங்க."

நனைந்த குச்சியை அடுப்போரம் காயப் போட்டாள்.